6:38-க்கு வேன் எங்கே இருந்தது?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் மதுரை நாராயணபுரம் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியது. பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியோடு ஏற்றிப்போகிற வேன் சேவை ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டி, ஆப்பில் பதிவு செய்து போய்வருகிறார்கள். சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை காலை 7:30-க்கு கே.கே. நகரில் உள்ள மையத்தில் அப்பாவுக்கு இடம். 6:30-க்கு வேன் வேண்டும் என்று முதல்நாள் இரவே பதிவு செய்துவிட்டு, 6:15-க்கெல்லாம் அப்பாவை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேன் வந்தது 7:17-க்கு. மையத்தில் மிஷினில் போடும்போது மணி எட்டரை. அடுத்த ஷிப்ட் நோயாளி காத்திருந்ததால் நான்கு மணி நேரம் ஓட வேண்டியதை மூன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். வியாழன் விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

புகார் செய்ததற்கு நிறுவனம் அனுப்பிய பதில்: "வேன் 6:38-க்கே வந்துவிட்டது, 15 நிமிட வரம்புக்குள்தான் வந்திருக்கிறது, பயணி ஏறுவதில்தான் தாமதம்." கூடவே அவர்களுடைய சாஃப்ட்வேரில் இருந்து ஏழு வரி. இரவு 9:14 பதிவு, காலை 5:48 வண்டி ஒதுக்கீடு, 6:02 வண்டி மாற்றம், 6:09 டிரைவர் ஏற்பு, 6:38 வந்தது, 7:23 பயணி ஏறினார், 7:46 இறங்கினார்.

மகளுக்கு ஆத்திரம் முழுக்க டிரைவர் மேல். "ஆறு மணி சுமாருக்கு ஆப்பில் பார்த்தேன் சார், வண்டி கோரிப்பாளையத்தில் பத்து நிமிடம் அப்படியே நின்றது, டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான். 6:52-க்குப் போன் பண்ணி வந்துகொண்டிருக்கிறேன் என்று சமாதானம் வேறு சொன்னான். வேன் வந்தபோது உள்ளே ஏற்கெனவே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், அவரையும் காக்கவைத்துத்தான் கூட்டிவந்திருக்கிறான்" என்று எழுதியிருக்கிறார். டிரைவரை வேலையை விட்டுத் தூக்க வைக்க முடியுமா, போலீசில் ஏமாற்று வழக்குப் போடலாமா, அவன் போட்டோவை ஏரியா வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, ஆர்டிஐ போட்டு முழு ரெக்கார்டையும் வாங்கலாமா, பத்து லட்சம் கேட்டால் கோர்ட் ஃபீஸ் எவ்வளவு, விதிமுறையில் வழக்கு பெங்களூரில்தான் என்று போட்டிருக்கிறார்களே என்ன செய்வது. இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பா எப்படி இருக்கிறார்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மிஷின் நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

நான் வக்கீலாவதற்கு முன்னால் நான்கு வருடம் ஒரு கால் டாக்ஸி நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் நைட் ஷிப்ட் பார்த்தவன். ட்ரிப் போடுவது, வண்டி மாற்றுவது, லேட்டான வண்டிக்கு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது எல்லாம் எனக்குப் பழக்கம். அந்த அனுபவத்தில் உங்கள் ஏழு வரியைப் படித்தபோது எனக்கு டிரைவர் மேல் கோபம் வரவில்லை. அந்த 6:38 என்ற ஒரு வரி மேல்தான் சந்தேகம் வந்தது.

"வந்தது" என்று எழுதியது யார்?

"வந்தது" என்ற பதிவு இரண்டு விதமாக விழும். டிரைவர் தன் போனில் பட்டனை அழுத்தினால் விழும். அல்லது சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும். வரைபடத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும், வண்டியின் ஜிபிஎஸ் புள்ளி அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் "வந்தது" என்று தானாகப் பதிந்துவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வட்டம் 100 மீட்டர். நுழைந்த வண்டி நின்றதா, ஓடிக்கொண்டே கடந்ததா என்றெல்லாம் அது பார்க்காது.

இப்போது உங்கள் வீடு இருக்கும் இடத்தை யோசியுங்கள். நத்தம் சாலையிலிருந்து நான்கு வீடு தள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஏப்ரலில் திறந்த பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சாலைக்கு மேலேயே போகிறது. ஜிபிஎஸ் புள்ளியை வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் பாலத்தின் மேல் போகும் வண்டியும் கீழே சாலையில் போகும் வண்டியும் ஒரே இடத்தில்தான் தெரியும். பாலத்தில் ஏறிவிட்ட வண்டி நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. ஆக, தல்லாகுளம் பக்கம் ஏறி செட்டிகுளம் பக்கம் போகிற வேன் உங்கள் வீட்டு வட்டத்தைக் கடந்த அந்தச் சில நொடியில் "6:38, வந்தது" என்று பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் சரிபார்க்கக்கூடிய ஊகம். 6:38-க்கு வண்டியின் வேகம் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஜிபிஎஸ் கருவி இடத்தோடு வேகத்தையும் சேர்த்தே அனுப்பும். வாசலில் நின்ற வண்டி என்றால் பூஜ்யம். நாற்பது, ஐம்பது என்று இருந்தால் அது உங்கள் வாசலில் நிற்கவே இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆத்திரத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயம் இதற்குப் பலமான ஆதாரம். 6:38-லிருந்து உங்கள் வாசலில் நிற்கிற டிரைவர் 6:52-க்குப் போன் செய்து "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்புறம் அந்தப் பாட்டி. வேன் 6:38-லிருந்து 7:17 வரை உங்கள் வீட்டுமுன் நின்றிருந்தால் அவர் எங்கே ஏறினார்? 6:38-க்கு முன்பே ஏறியிருக்கலாம்தான். ஆனால் ஊமச்சிகுளம் மாதிரி உங்களுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊரில் போய் அவரை ஏற்றிக்கொண்டு, திரும்பி வரும்போது கீழ்ச்சாலை வழியாக உங்களிடம் வந்திருந்தால் 6:38, 6:52, 7:17 மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாட்டி ஏறிய நேரமும் இடமும் அந்த வண்டியின் ட்ரிப் ஷீட்டில், அதாவது அன்றைய பயணப் பட்டியலில், நிச்சயம் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் போன் அழைப்பை உங்கள் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

கோரிப்பாளையத்துப் பத்து நிமிடம்

ஆப்பில் வண்டி அசையாமல் நின்றால் டிரைவர் டீ குடிக்கிறார் என்று எல்லாரும் நினைக்கிறோம். கோரிப்பாளையத்தில்தான் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அவர் ஓட்டுவது நோயாளி வேன். அங்கே ஒருவரை இறக்கிக்கொண்டிருந்திருக்கலாம். சக்கர நாற்காலியின் பெல்ட்டை அவிழ்த்து, சாய்தளம் போட்டு, மெதுவாக இறக்கி, உறவினர் வந்து தள்ளிக்கொண்டு போகும்வரை நின்றால் பத்து நிமிடம் சாதாரணமாக ஆகும். உங்கள் அப்பாவை இறக்கும்போது ஒரு நாள் கடிகாரத்தைப் பாருங்கள். ஆனால் சாஃப்ட்வேரில் ஒருவரை ஏற்றவும் இறக்கவும் இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள், பல இடங்களில் அது டாக்ஸிக்குப் போடுகிற மாதிரி இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். ஒவ்வொரு நோயாளியிடமும் ஏழெட்டு நிமிடம் கடன் ஏறி, மூன்றாவது ஆளிடம் வரும்போது வண்டி கால்மணி நேரம் பின்தங்கிவிடும், இதில் டிரைவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்.

அவர் அன்று நிஜமாகவே டீ குடித்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒருவர் வேலையைப் பறிக்கச் சொல்லிக் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். போட்டோவை வாட்ஸ்அப்பில் போடுவது உங்களுக்கே ஆபத்து. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். ஏமாற்று வழக்கும் நிற்காது, ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும், இங்கே அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 6:38-க்குத் தான் எங்கே இருந்தோம் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். உங்கள் சாட்சியை நீங்களே எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள்.

தாமதம் தொடங்கியது 6:02-ல்

அந்த ஏழு வரியில் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட வரி 6:02. முதலில் 5:48-க்கு ஒரு வண்டி கொடுத்திருக்கிறார்கள். பதினான்கு நிமிடத்தில் அதைப் பிடுங்கி வேறு வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த வண்டியின் டிரைவர் தன் போனில் ட்ரிப்பை ஏற்றதே 6:09-க்கு. முதல் வண்டியை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மாற்றியது யார்? கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆளா, சாஃப்ட்வேரா? இரண்டுக்கும் தனித்தனி அடையாளத்தோடு பதிவு இருக்கும். யார் கணக்கிலிருந்து எந்த நேரத்தில் என்ன மாற்றப்பட்டது என்ற வரலாறு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். முதல் வண்டி பஞ்சர் என்றால் அது ஒரு கதை. மூன்று ட்ரிப்பை ஒரே வண்டியில் அடைத்து டீசல் மிச்சம் பிடிக்க சாஃப்ட்வேர் மாற்றியது என்றால் அது முற்றிலும் வேறு கதை, அதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, இது உங்கள் பக்கம் இருக்கிற சின்னத் திருத்தம், வருத்தப்படாதீர்கள். நீங்கள் "6:30-க்கு ஏற்ற வேண்டும்" என்று பதிந்திருக்கிறீர்கள். "7:30-க்குள் மையத்தில் இறக்க வேண்டும்" என்று பதியவில்லை. சாஃப்ட்வேருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஏற்றும் நேரம் மட்டும் இருந்தால் பதினைந்து நிமிடம் முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, வழியில் இன்னொருவரை ஏற்றினால்கூட பரவாயில்லை என்று கணக்குப் போடும். சேர வேண்டிய நேரம் கொடுத்தால் அதைத் தாண்டவிடாமல் பின்னோக்கிக் கணக்குப் போடும். உங்கள் ஆப்பில் "அப்பாயின்ட்மென்ட் நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இனி அதை நிரப்பாமல் பதியாதீர்கள். இல்லையென்றால் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றும் சேவையில் அப்படி ஒரு கட்டம் இல்லாததே ஒரு குறைபாடு, அதையும் புகாரில் எழுதலாம்.

என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்

ஆர்டிஐ அரசு அலுவலகங்களுக்குத்தான், தனியார் நிறுவனத்திடம் அதில் நேரடியாகக் கேட்க முடியாது. அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-ல் "சேவைக் குறைபாடு" என்பதற்குள், நுகர்வோருக்குத் தொடர்புள்ள தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். கேட்டும் தரவில்லை என்றால் அந்த மௌனமே உங்களுக்கு இன்னொரு புகார் காரணம்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். ஆப் வழியாக விற்கும் சேவை என்பதால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் பொருந்தும்: புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கோபத்தையெல்லாம் கொட்டாமல் இவற்றை மட்டும் கேளுங்கள்:

- அன்று காலை 5:45 முதல் 7:50 வரை, ஒதுக்கப்பட்ட இரண்டு வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவு, வேகத்தோடு.
- 6:38 பதிவு டிரைவர் அழுத்தியதா, தானாக விழுந்ததா. தானாக என்றால் வட்டம் எத்தனை மீட்டர்.
- 6:02 மாற்றத்தைச் செய்தது யார், என்ன காரணம் பதிவாகியிருக்கிறது.
- அதே வண்டியின் அன்றைய ட்ரிப் ஷீட். மற்ற நோயாளிகளின் பெயரை மறைத்துவிட்டு, ஏற்றிய இறக்கிய நேரமும் இடமும் மட்டும்.
- வழக்கு முடியும்வரை இவை எதையும் அழிக்கக்கூடாது என்று ஒரு வரி.

கடைசி வரிதான் அவசரம். ஜிபிஎஸ் புள்ளிகளை எந்த நிறுவனமும் காலமெல்லாம் வைத்திருக்காது. சுருக்கமான ஏழு வரி மட்டும் மிஞ்சும், விவரம் போய்விடும். அழிக்காதே என்று எழுதிக் கொடுத்தபிறகும் அழித்தார்கள் என்றால் அது அவர்களுக்கு எதிராகத்தான் பேசும்.

உங்கள் பக்கம் சேர்க்க வேண்டியது: போன் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், ஆப்பில் இன்னும் தெரிகிற ட்ரிப் பக்கம், டயாலிசிஸ் மையத்தில் அன்று அப்பாவை மிஷினில் போட்ட, எடுத்த நேரம் எழுதிய தாளின் நகல். எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அப்படியே இருக்காதுதான், இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு சாக்கு எதற்கு?

வழக்கு என்று போனால்

பெங்களூருக்குப் போக வேண்டாம். நுகர்வோர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டணத்தைப் பொறுத்தவரை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்துக் கணக்கிட மாட்டார்கள், சேவைக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான் கணக்கு. அது ஐந்து லட்சத்துக்குள் என்பதால் உங்களுக்குக் கட்டணமே இல்லை. பணம் கட்டியது நீங்கள், பயன்பெற்றவர் அப்பா, ஆகவே இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள். கால அவகாசம் இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் அதைவிட நீளும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, அதனால் நிறுவனம் தர மறுத்த ஜிபிஎஸ் பதிவை அங்கே வரவழைக்க முடியும்.

பத்து லட்சம் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். கேட்பதைத் தடுக்க யாரும் இல்லை, ஆனால் கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். தாமதத்தை நிரூபிப்பது ஒன்று. அந்தத் தாமதத்தால்தான் வியாழக்கிழமை மூச்சுத்திணறியது என்று நிரூபிப்பது வேறு. முக்கால் மணி நேரம் குறைந்ததுதான் காரணமா, இடையில் உப்பும் தண்ணீரும் கூடிப்போனதா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதற்குச் சிறுநீரக மருத்துவர் எழுதித் தரும் கருத்துதான் பதில், என் வாதமோ உங்கள் கண்ணீரோ பதிலாகாது. அவரிடம் பொறுமையாகப் பேசி, டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒவ்வொரு முறையும் எடுத்த எடைக் குறிப்புகளும் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அது கிடைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு, சந்தா, மன உளைச்சல் எல்லாம் சேர்த்துக் கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் சேவைக் குறைபாட்டுக்கும் பொய்யான பதிலுக்கும் கேட்கலாம், தொகைதான் சிறிதாக இருக்கும்.

வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். பேசி முடிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. உங்களிடத்தில் நான் இருந்தால் பணத்தைவிட முதலில் எழுத்தில் கேட்பது இதுதான்: அப்பாவின் ட்ரிப்பில் வழியில் வேறு யாரையும் ஏற்றக்கூடாது, ஒதுக்கிய வண்டியை கடைசி ஒரு மணி நேரத்தில் மாற்றினால் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், "வந்தது" என்பதை டிரைவர் வாசலில் நின்று அழுத்தினால்தான் பதிய வேண்டும். இந்த மூன்றும் அவர்களுடைய சாஃப்ட்வேரில் செட்டிங் மாற்றுகிற வேலைதான்.

ஒரு பயம் எனக்கு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நோட்டீஸ் போன மறுநாள் அவர்கள் சேவையை நிறுத்திவிட்டால் அடுத்த டயாலிசிஸுக்கு அப்பா எப்படிப் போவார்? சாய்தளம் வைத்த வேன் நம்மூரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் மையத்து நர்ஸிடமோ அங்கே வருகிற மற்ற குடும்பங்களிடமோ விசாரித்து, மாற்று வண்டி ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டு பிறகு நோட்டீஸ் அனுப்புங்கள். அழிக்காதீர்கள் என்ற மின்னஞ்சலை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடலாம், அதில் சண்டை எதுவும் இல்லை.

எதிர்வீட்டில் கேமரா இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத் தேதிப்படி சம்பவம் நடந்து பதினொரு நாள் ஆகிறது. வீட்டுக் கேமராக்களில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், பல வீடுகளில் பதினைந்து நாள் தாங்கினாலே அதிகம். கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 6:10 முதல் 7:30 வரை வேண்டும் என்று கேளுங்கள். 6:38-க்கு உங்கள் வாசல் காலியாக இருப்பது அதில் தெரிந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.